பத்துக் கன்று நட்டால் ஒரு பழங்காட்டுக்கு ஈடாகுமா?

பாசிப்பாறை

"ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நடுவோம்" என்ற வாக்கியத்தை இந்த வாரம் மட்டும் மூன்று இடங்களில் படித்துவிட்டேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்டப்படுவது நானூறு ஐந்நூறு வருடம் தொந்தரவில்லாமல் நின்ற காடு என்றால் இந்தக் கணக்கு எப்படிச் சரியாகும்? அதைப் பேசத்தான் இந்த இழை.

பழங்காடு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது பெரிய மரங்கள் மட்டும்தான். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை இன்னும் உண்டு. நின்றபடியே காய்ந்துபோன பட்டமரங்கள். விழுந்து, பாசி படர்ந்து, மெல்ல மட்கும் கட்டைகள். பெரிய மரம் ஒன்று சாய்ந்த இடத்தில் வெளிச்சம் இறங்கி, அங்கே முண்டியடித்து வளரும் இளமரங்கள். எல்லா வயது மரமும் ஒரே இடத்தில் இருக்கும். நட்டு வளர்த்த தோப்பில் எல்லாம் ஒரே வயது. அங்கே பட்டமரத்துக்கு இடமே கிடையாது.

விழுந்த கட்டை எவ்வளவு காலம் வேலை செய்கிறது என்று அறிய அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் எச்.ஜே. ஆண்ட்ரூஸ் ஆய்வுக்காட்டில் 1985-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டைகளைத் தரையில் கிடத்தி, அவை எப்படி மட்குகின்றன என்று அளந்து வருகிறார்கள். திட்டத்தின் காலம் 200 ஆண்டுகள். நாற்பது வருடம்தான் ஆகியிருக்கிறது. ஒரு கட்டை மண்ணாக மாறுவதைப் பார்க்கவே ஆறேழு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் தேவை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மலைக்காடுகளில் லெட்பீட்டர் போசம் என்ற சின்னப் பிராணி ஒன்று உண்டு. மரப்பொந்து இல்லாமல் அதனால் வாழ முடியாது. அங்குள்ள யூகலிப்டஸ் மரத்தில் அதற்கு ஏற்ற பொந்து விழக் குறைந்தது 120 ஆண்டாவது ஆகும். இன்று நடும் கன்று அந்தப் பிராணிக்கு எப்போது வீடாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உலக உணவு வேளாண் அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி உலகில் காடு சுமார் 406 கோடி ஹெக்டேர். அதில் மனிதக் கை பெரிதாகப் படாத முதன்மைக் காடு சுமார் 111 கோடி ஹெக்டேர். பாதிக்கும் மேல் பிரேசில், கனடா, ரஷ்யா ஆகிய மூன்றே நாடுகளில் இருக்கிறது. 1990-க்குப் பிறகு முதன்மைக் காடு 8 கோடி ஹெக்டேருக்கும் மேல் குறைந்துவிட்டது.

எஞ்சியிருப்பதை எப்படிக் காக்கிறார்கள்? எங்கே பலித்திருக்கிறது, எங்கே இல்லை? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நிலவன்79

நல்ல இழை. முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குக் "கன்னிக்காடு" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. மனிதர் யாரும் நுழையாத காடு என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. அமேசானிலும் போர்னியோவிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கள் உள்ளேயே வாழ்ந்திருக்கிறார்கள். "முதுகாடு" அழகான சொல்தான், ஆனால் பழந்தமிழில் அது சுடுகாட்டைக் குறிக்கும். நான் "தொல்காடு" என்று எழுதிப் பழகிவிட்டேன்.

கருவேலன்

எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக நினைக்க வேண்டாம். இளங்காடுதான் வேகமாக வளர்கிறது, வேகமாகக் கரியமில வாயுவை இழுக்கிறது என்று படித்திருக்கிறேன். கிழட்டுக் காட்டில் வளர்வதும் மட்குவதும் சரிக்குச் சரி, நிகரமாக ஒன்றுமில்லை என்பார்கள். அப்படியானால் பருவநிலை மாற்றத்தைத் தடுக்க, பழையதை வெட்டி மரச்சாமானாக்கிவிட்டுப் புதிதாக நடுவதுதானே புத்திசாலித்தனம்? காட்டின் அழகு, உயிரினங்கள் எல்லாம் வேறு விஷயம். கரிமக் கணக்கை மட்டும் கேட்கிறேன்.

அகிலா

கருவேலன், கேட்க வேண்டிய கேள்விதான் இது. நீங்கள் சொன்னது காட்டியல் பாடங்களில் பல காலம் இருந்த கருத்து. அதில் இரண்டு கணக்குகள் கலந்துபோகின்றன: ஒன்று வரவு, மற்றொன்று இருப்பு.

வரவில் இளங்காடு ஒரு கட்டத்தில் முந்துவது உண்மை. ஆனால் தொல்காட்டில் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் இருப்பு மிகப் பெரியது. உலகின் பல பகுதிகளில் 48 ஆய்வுத் திடல்களை வைத்து 2018-இல் வந்த ஓர் ஆய்வு, மிகப் பெரிய ஒரு சதவீத மரங்களே நிலத்துக்கு மேலுள்ள உயிர்ப்பொருளில், அதாவது மரங்களின் மொத்த எடையில், ஏறக்குறைய பாதியைத் தாங்குகின்றன என்று காட்டியது. அந்த மரங்களைச் சாய்த்தால் எல்லாமே பலகையாக மாறாது. கிளை, வேர், பட்டை, மரத்தூள், கலைந்த மண் என்று பெரும்பகுதி சில பத்தாண்டுகளுக்குள் காற்றுக்குப் போய்விடும். புதுக் கன்று அந்தக் கடனை அடைத்து முடிக்க நூறு வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

"கிழமரம் வளராது" என்பதும் சரியில்லை. 403 மர இனங்களை அளந்து 2014-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரையின்படி, பெரும்பாலான இனங்களில் மரம் பெரிதாகப் பெரிதாக அது ஆண்டுக்குச் சேர்க்கும் எடையும் கூடுகிறது. மேலே உயரம் ஏறுவது நின்றிருக்கும், சுற்றளவில் சதை போட்டுக்கொண்டே இருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தொல்காடு முழுவதுமாக எவ்வளவு கரிமத்தை இன்னும் இழுக்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை உண்டு. 2008-இல் பெரிய எண்ணைச் சொன்ன ஒரு கட்டுரையை 2021-இல் வேறு சிலர் மறுத்தார்கள். அந்த எண் கூடினாலும் குறைந்தாலும் இருப்பைக் கலைக்கக் கூடாது என்ற வாதம் அப்படியே நிற்கிறது.

கருவேலன்

வரவு, இருப்பு என்று பிரித்ததும் புரிந்துவிட்டது. நன்றி.

மரத்தச்சன்

நான் இருபது வருடத்துக்கும் மேலாக மரத்தோடு வேலை செய்பவன். என் பக்கத்தையும் சொல்கிறேன். மெதுவாக வளர்ந்த பழைய மரத்தின் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். இழைப்புளி ஓடும்போதே கை அதை அறிந்துவிடும். தோப்பு மரத்தில் அது வராது. தொல்காட்டு மரத்துக்கு இவ்வளவு கிராக்கி இருப்பது வெறும் பேராசையால் அல்ல, அந்தச் சரக்கே அப்படி.

அதனால்தான் அதை வாங்குவதை நிறுத்தினேன். கிடைக்கிறது என்றால் எங்கோ திரும்ப வராத ஒன்று போயிருக்கிறது என்று அர்த்தம்.

நியூசிலாந்து அரசு 2002-இல் தன் நிலத்திலுள்ள இயற்கைக் காட்டில் வெட்டுவதை நிறுத்தியது. அந்த நாட்டு மரத்தொழில் படுத்துவிடவில்லை, ரேடியாட்டா பைன் தோப்புகளை வைத்து நடக்கிறது. அதாவது முடியும். ஆனால் எல்லா நாட்டுக்கும் அந்தத் தோப்பு முன்கூட்டியே தயாராக இருக்காது. ஓரிடத்தில் தடை போட்டுவிட்டு மரத்தேவையை அப்படியே வைத்தால், கோடாரி அடுத்த நாட்டுக்குப் போகும். தோப்புகளைக் குறை சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். தொல்காட்டுக்குக் கேடயமே அவைதான்.

தேன்மொழி_ரா

மரத்தச்சன் ஐயா சொன்னதில் கடைசி வரியை ஒப்புக்கொள்கிறேன், தோப்பை அழித்த தொல்காட்டின் இடத்திலேயே போடாத வரைக்கும்.

பாசிப்பாறை கேட்ட கேள்விக்கு வருகிறேன். போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவே பியாவோவியேஜா காடு இருக்கிறது. ஐரோப்பியச் சமவெளியில் ஒரு காலத்தில் பரந்து கிடந்த காட்டின் மிச்சம் அது. தப்பியதற்குக் காரணம் பக்தியோ அறிவியலோ அல்ல. மன்னர்கள் வேட்டைக்காக ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஐரோப்பியக் காட்டெருமைக்கு அது கடைசிப் புகலிடங்களில் ஒன்று. முதல் உலகப் போர்க் குழப்பத்தில், 1919-இல் அங்கே கடைசிக் காட்டெருமையும் கொல்லப்பட்டது. விலங்குக் காட்சியகங்களில் மிஞ்சியவற்றைப் பெருக்கி, 1952-இல்தான் மறுபடி காட்டுக்குள் விட்டார்கள். இன்று அங்கே திரியும் மந்தைகள் அவற்றின் வாரிசுகள்.

1979-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஆனாலும் போலந்துப் பக்கத்துக் காட்டில் ஆறில் ஒரு பங்குதான் தேசியப் பூங்கா. மற்றது வனத்துறை மேலாண்மைக் காடு. 2016-இல் ஸ்ப்ரூஸ் மரங்களில் பட்டை துளைக்கும் வண்டு பரவியதைக் காரணம் காட்டி, ஒரு வனக்கோட்டத்தில் வெட்டும் அளவை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். மக்கள் இயந்திரங்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டு படுத்தார்கள். 2017 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் நிறுத்தச் சொன்னது. நிற்கவில்லை. நவம்பரில், மீறினால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் யூரோ அபராதம் என்றது. அப்புறம்தான் இயந்திரங்கள் வெளியேறின. 2018 ஏப்ரலில் வெட்டியதே சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது.

பட்டியலில் பெயர் இருந்ததால் காடு பிழைக்கவில்லை. பட்டியலைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க ஆளிருந்தது, கேட்டதும் அபராதம் போட ஒரு நீதிமன்றம் இருந்தது. இரண்டில் ஒன்று இல்லாத நாடுகளை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இளம்பரிதி

ஆளிருந்தது என்று தேன்மொழி சொன்னதும் வான்கூவர் தீவு நினைவுக்கு வருகிறது. கனடாவின் மேற்குக் கரை, ராட்சத சீடர் மரங்களின் நாடு. 1993-இல் கிளேயக்வாட் சவுண்டில் வெட்டுச் சாலையை மறித்த 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2020-இல் தொடங்கிய ஃபேரி கிரீக் மறியலில் 1,100-ஐத் தாண்டியது. ஒரே தீவில், முப்பது வருட இடைவெளியில், அதே காரணத்துக்காக.

கிளேயக்வாட்டின் கதை 1993-இல் தொடங்கியது என்று சொல்வது தவறு. அதற்கு ஒன்பது வருடம் முன்பே, 1984-இல், டிலா-ஓ-குவி-அட் என்ற முதற்குடி மக்கள் மியர்ஸ் தீவைத் தங்கள் பழங்குடிப் பூங்காவாக அறிவித்தார்கள். அரசு தரவில்லை, அவர்களே அறிவித்துக்கொண்டார்கள். நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள். 2024-இல்தான் கிளேயக்வாட்டில் சுமார் 76,000 ஹெக்டேர் அவர்களோடும் அஹௌசட் மக்களோடும் செய்த ஒப்பந்தப்படி காப்புப் பகுதிகளானது. நாற்பது வருடம் இந்தப் பிடி தளரவில்லை. மறியலில் உட்கார்ந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் செய்தி வெளிச்சம் போனபிறகும் அங்கேயே இருந்தவர்கள் இவர்கள்.

கருவேலன்

மறுபடி நானே. வண்டு விஷயத்தில் எனக்கு உறுத்துகிறது. வெட்டாமல் விட்டால் வண்டு பரவும், காய்ந்த மரம் சேர்ந்தால் தீ வரும் என்ற பயம் முழுக்கப் பொய்யா? கலிபோர்னியாவின் ராட்சத செக்கோயா மரங்கள் எரிந்ததைப் படித்தேன். 2020-இல் கேஸில் தீ என்ற ஒரே தீயில் உலகிலுள்ள பெரிய செக்கோயாக்களில் 10 முதல் 14 சதவீதம் செத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த வருடம் ஜெனரல் ஷெர்மன் என்ற பெரிய செக்கோயா மரத்தின் அடியைச் சுற்றித் தீ தாங்கும் தகட்டைப் போர்த்தி நின்றார்கள். ஆயிரம் இரண்டாயிரம் வருடம் நின்ற மரங்கள். வேலி போட்டுக் கையெடுத்துவிடுவது மட்டும் பாதுகாப்பாகிவிடுமா?

அகிலா

ஆகாது. அதே சமயம், "ஆகாது, அதனால் வெட்டலாம்" என்பதும் ஆகாது. காட்டுக்குக் காடு விடை மாறும்.

செக்கோயாவுக்குத் தீ எதிரி அல்ல. பட்டையே அரை மீட்டர் தடிமனுக்கு வரும். கூம்பு பெரும்பாலும் வெப்பத்தில் விரிந்துதான் விதை கொட்டும். வெந்த மண்ணில் கன்று நன்றாகப் பிடிக்கும். அந்தக் காடுகளில் பூர்வகுடி மக்கள் காலாகாலமாகச் சிறு தீ வைத்துச் சருகைக் குறைத்து வந்தார்கள். அவர்களை விரட்டி, நூறு வருடம் எல்லாத் தீயையும் அணைத்துக்கொண்டே இருந்ததில் அடியில் எரிபொருள் குவிந்தது. வறட்சியும் வெப்பமும் கூடியபோது தீ உச்சிக்கே ஏறிவிட்டது. அங்கே சின்ன மரங்களைக் குறைப்பதும், திட்டமிட்டு எரிப்பதும் காடு காக்கும் வேலைதான்.

டாஸ்மேனியாவின் மேட்டு நிலத்தில் பென்சில் பைன் என்ற மரம் இருக்கிறது. ஆயிரம் வருடம் தாண்டிய மரங்கள். தீயே அறியாத ஈரக்காட்டு இனம். ஒருமுறை எரிந்தால் துளிர்க்காது, மண்ணில் விதையும் சேர்த்து வைக்காது. 2016 ஜனவரியில் மின்னல் பற்றவைத்த தீயில் ஒரு பகுதி போனது, போனதுதான். அங்கே யாராவது "கொஞ்சம் எரித்துவிட்டால் நல்லது" என்றால் அது கொலை.

பியாவோவியேஜாவில் வண்டு தாக்கிய ஸ்ப்ரூஸ் காய்ந்தால், மூவிரல் மரங்கொத்தி வந்து பட்டையைச் சீவி வண்டுப்புழுவைத் தின்னும். காய்ந்த மரம் விழுந்த இடத்தில் ஹார்ன்பீமோ லிண்டனோ எழும். நோய் பிடித்த தோப்புக்குச் செய்யும் வைத்தியத்தை அங்கே செய்தால், மரங்கொத்தியின் சாப்பாட்டைத்தான் லாரியில் ஏற்றுகிறோம்.

இன்னொன்று, எந்த வேலியும் நிறுத்தாதது: நியூசிலாந்தின் கௌரி மரங்களை வேரிலிருந்து கொல்லும் நோய்க்கிருமி. மண் வழியாகப் பரவுகிறது. நம் செருப்பில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண் போதும். வைபோவாக் காட்டில் டானே மஹூட்டா என்ற ராட்சதக் கௌரி மரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் நுழைவிலேயே செருப்பைத் தேய்த்துக் கழுவி, மருந்து தெளித்துவிட்டு, மரப்பாதையை விட்டு இறங்காமல் நடக்க வேண்டும். காட்டை நேசித்துப் பார்க்க வருபவர்களே கிருமியைச் சுமந்து வரலாம் என்பது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம்.

நிலவன்79

அகிலா அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வடக்கு எத்தியோப்பியாவில் தொல்காடு ஏறக்குறைய போய்விட்டது. மேலிருந்து எடுத்த படங்களில் பழுப்பு வயல்களுக்கு நடுவே வட்ட வட்டமாகப் பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் ஒரு தேவாலயம். காட்டைக் கோயிலின் ஆடையாகக் கருதுவதால் பாதிரியார்கள் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். பல புள்ளிகள் சில ஹெக்டேர்தான். மாடு உள்ளே புகுந்து கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அலெமாயஹு வாசி என்ற எத்தியோப்பிய ஆய்வாளரும் மார்கரெட் லோமன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் பாதிரியார்களோடு உட்கார்ந்து பேசியதில், வயலில் இடைஞ்சலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். வயலுக்கும் லாபம், காட்டுக்கும் லாபம். உள்ளே கன்றுகள் தலையெடுத்தன.

சின்னக் காடு என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. நாளை அந்த மலைகளில் காட்டை மீட்க நினைத்தால் விதைக்கு வேறெங்கே போவது?

வானவில்_கீ

புதிதாக வந்திருக்கிறேன். மரங்கள் பூஞ்சை இழைகள் வழியாகப் பேசிக்கொள்ளும், தாய்மரம் தன் பிள்ளைகளுக்கு உணவு அனுப்பும் என்பார்களே, தொல்காட்டைக் காக்க அதுவே போதுமான காரணம் இல்லையா?

பாசிப்பாறை

வாங்க வானவில். வேரும் பூஞ்சையும் கூட்டாக வாழ்வது உறுதியான உண்மை. 1997-இல் சூசன் சிமார்டும் கூட்டாளிகளும் பிர்ச் மரத்துக்கும் டக்ளஸ் ஃபருக்கும் இடையே கரிமம் போவதைக் காட்டினார்கள். ஆனால் காட்டில் தாய்மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்ற அளவுக்குச் சான்று இல்லை என்று 2023-இல் இதே துறையைச் சேர்ந்த மூவர் விரிவாக எழுதினார்கள். ஆகவே அந்தக் கதையின் மேல் நம் வாதத்தைக் கட்ட வேண்டாம். நாளை அது சரிந்தால் காட்டுக்கான நியாயமும் சரிந்ததாகப் பேசுவார்கள். பட்டமரமும் பொந்தும் மட்கும் கட்டையும் போதும்.

தேன்மொழி_ரா

குளிர்நாட்டுக் காடுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். வெப்பமண்டலத்தில் 2024-இல் மட்டும் 67 லட்சம் ஹெக்டேர் முதன்மைக் காடு போனதாக உலக வள நிறுவனத்தின் தரவு சொல்கிறது. அதில் கிட்டத்தட்ட பாதி தீயால். அமேசான் போன்ற ஈரக்காடு தானாக எளிதில் எரியாது. நிலம் திருத்த வைக்கும் நெருப்பு வறண்ட வருடத்தில் உள்ளே பாய்ந்துவிடுகிறது.

நல்ல செய்தியும் உண்டு. 2023 ஆகஸ்டில் ஈக்வடார் மக்கள் யசுனி காட்டின் ஒரு பகுதியில் எண்ணெயை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எண்ணெய்ப் பணத்தை நம்பியிருக்கும் நாடு அது. வாக்குச் சீட்டில் ஒரு காடு ஜெயித்ததை அன்று இரவு நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் கிணறுகளை மூடும் வேலை ஆமை வேகத்தில் நடக்கிறது.

2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில், நின்றிருக்கும் வெப்பமண்டலக் காட்டுக்கு ஹெக்டேருக்குச் சுமார் நான்கு டாலர் வீதம் ஆண்டுதோறும் தரும் நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். அழித்தால் பிடித்தம் உண்டு. குறைவான தொகைதான். இருந்தாலும் "வெட்டினால்தான் காசு" என்ற கணக்கை ஒரு இடத்திலாவது மாற்றிப் போடுகிறார்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடி மக்களுக்கும் காட்டோரச் சமூகங்களுக்கும் போக வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இளம்பரிதி

அரசாணை எவ்வளவு மெல்லியது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2022-இல் அதிபர் பைடன் ஆணையிட்டு, கூட்டரசு நிலங்களிலுள்ள தொல்காடுகளைக் கணக்கெடுத்தார்கள். அதை வைத்து நாடு முழுவதற்கும் ஒரு பாதுகாப்புத் திருத்தம் எழுதினார்கள். 2025 ஜனவரியில், ஆட்சி மாறும் தறுவாயில், எழுதிய வனத்துறையே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐந்நூறு வருட மரத்தின் கதி நான்கு வருடத் தேர்தலில் தொங்குகிறது.

மரத்தச்சன்

படிக்கப் படிக்க மனசு கனத்துப்போகிறது. பாசிப்பாறை தம்பி, முன்பொரு முறை வேறு இழையில் கடற்பறவை ஒன்று பழைய மரத்தில் கூடு வைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

பாசிப்பாறை

சொல்கிறேன் ஐயா. அதன் பெயர் மார்பிள்டு மரலெட். வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் கடலில் மீன் பிடித்து வாழும் சின்னப் பறவை. காலில் சவ்வு, குட்டை இறக்கை. பார்த்தால் மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. கடலில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், கூட்டை மட்டும் பறவையியலாளர்கள் பல்லாண்டு தேடியும் காண முடியவில்லை.

1974-இல் கலிபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில் கிளை கழிக்கும் தொழிலாளி ஒருவர் ஒரு பழைய டக்ளஸ் ஃபர் மேல் ஏறினார். தரையிலிருந்து சுமார் 45 மீட்டர் உயரத்தில், தடித்த கிளையில் பாசி மெத்தை மேல் ஒரு குஞ்சு உட்கார்ந்திருந்தது. காலில் சவ்வு.

அந்தப் பறவை குச்சி அடுக்கிக் கூடு கட்டுவதில்லை. ஒரே ஒரு முட்டை, அதுவும் பாசிப் பள்ளத்தில் அப்படியே இடும். முட்டை உருளாத அளவுக்கு அகலமான கிளை வேண்டும், அதன் மேல் கனத்த பாசி வேண்டும். அந்த இரண்டும் சேர மரத்துக்குப் பெரும்பாலும் நூற்றைம்பது இருநூறு வயதாவது ஆக வேண்டும். தாயும் தந்தையும் பல கிலோமீட்டர் பறந்து கடலுக்குப் போய், பெரும்பாலும் ஒரு நடைக்கு ஒரே மீனாகக் கொண்டுவந்து ஊட்டும்.

2020 ஆகஸ்டில் அந்தப் பூங்கா ஏறக்குறைய முழுவதும் எரிந்தது. அங்குள்ள ரெட்வுட் மரங்கள் கரிந்த தண்டிலிருந்தே துளிர்த்துவிட்டன. டக்ளஸ் ஃபர்களில் பெரும்பாலானவை துளிர்க்கவில்லை.

குஞ்சு கிளையை விட்டு இறங்கும் நாளில் வழிகாட்ட யாரும் உடன் வருவதில்லை. அதற்கு முன் ஒரு தடவைகூடப் பறந்து பழகியிருக்காது. இருட்டும் நேரத்தில் கிளை நுனியிலிருந்து எழும்பி, இதுவரை பார்த்தே இராத கடலை நோக்கி நேராகப் போகும்.